பதினேழாம் இலக்கத் திறப்பு

ஒரு மென்பொருளின் திறப்பை லமினேற் செய்து வைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மென்பொருளைத் திறந்து ஓடவைக்கிற சாவி, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரே ஒரு வரி அது. மின்னஞ்சலில் வந்த அன்றைக்கே பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூடாக்கி, நான்கு மூலையும் வளைத்து வெட்டி, அடையாள அட்டைக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்குக் கொடுத்தேன். ஒன்றை என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். இன்னொன்றைப் பக்கத்து வளவுச் சிநேகிதியிடம் கொடுத்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். யுத்தம் முடிந்து செட்டிகுளம் முகாமில் அடைபட்டுக் கிடந்து வந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

முகாமுக்குள் போனபோது எங்களிடம் உடுத்த துணியைத் தவிர வேறொன்றும் இல்லை. பெயர் பதிந்தவர் அத்தாட்சி கேட்டார். ஆளே உயிரோடு வந்து நிற்கிறேன், அது காணாதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று நிறுவுவதற்கு எட்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு கையில் கிடைத்த ஒவ்வொரு பத்திரத்துக்கும் மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று எங்களிடம், ஒன்று பக்கத்துக் கொட்டிலில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தத்திடம். என் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி சிநேகிதியின் பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது. அவளுடைய பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்னுடைய தகரத்துக்குள் கிடந்தது. வைத்திருப்பவர் தேவைக்கு எடுக்கலாம், கேட்கத் தேவையில்லை. நான் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் குடும்ப அட்டைப் பிரதியைக் காட்டி எங்கள் வீட்டு நிவாரணத்தை வாங்கி வந்தவள் அவள்தான். கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லாத காலத்தில் உண்டான பழக்கம் அது, ஊர் திரும்பிய பிறகும் போகவில்லை.

மீள்குடியேறி மூன்றாம் வருசம் நானாட்டான் சந்தியில் தகரக் கொட்டில் ஒன்றில் ரைப் அடிக்கிற கடை போட்டேன். திரும்பி வந்த சனத்துக்கு எல்லாவற்றுக்கும் கடிதம் வேண்டியிருந்தது. தொலைந்த உறுதிக்குச் சத்தியக் கடதாசி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தருகிற பெர்மிற் காணிக்கு விண்ணப்பம், வீட்டுத் திட்டத்துக்குப் படிவம், ஆமி இருக்கிற வளவை விடச்சொல்லி மனு. தமிழில் அடித்தால் மேலிடத்தில் சிங்களத்தில் கேட்டார்கள். ஒரு அரசாங்கக் கந்தோரில் சரியாகத் தெரிந்த எழுத்து அடுத்த கந்தோரின் கொம்பியூட்டரில் பெட்டி பெட்டியாக வந்தது. இந்தத் தலையிடியை எல்லாம் தீர்த்தது ஒரு சின்ன மென்பொருள். தமிழில் விபரத்தை நிரப்பினால் பக்கத்திலேயே அதே படிவம் சிங்களத்திலும் வரும். கந்தோர்கள் படிவத்தை மாற்ற மாற்ற அதுவும் மாறும்.

அதைச் செய்தது ஒரே ஒரு மனிதர். அதைப் பாவிக்கிற கடைக்காரர்கள் கூடிக் கதைக்க ஓர் இணையக் களம் இருந்தது, அதில் எல்லாருக்கும் புனைபெயர்தான். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன விபரம் ஊர் மட்டுமே என்பதால் அவரை விடத்தல்தீவுக்காரர் என்றே சொல்கிறேன். ஒரு முறை மட்டும் இப்படி எழுதியிருந்தார்: "இதின்ர முதல் வடிவத்தை ஹார்ட் டிஸ்கில போட்டுப் பங்கருக்குள்ள தாட்டனான். திரும்பி வந்து பாத்தா பங்கர் இருந்த இடமே தெரியேல்லை. வேற கொப்பி இல்லை. முதல்ல இருந்து எழுதினன்."

களத்தில் நாற்பது பேரளவில் இருந்தோம். பெரும்பாலும் மன்னார், வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துக் கடைக்காரர்கள். வெளிநாட்டில் இருந்தும் ஓரிருவர். மென்பொருள் வாங்கிய ஒவ்வொரு கடைக்கும் ஒரு திறப்பும் ஓர் இலக்கமும் உண்டு. என் இலக்கம் பதினேழு. களத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் என்னிடமே தந்திருந்தார்கள். வாய் பெரிது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இருக்கவில்லை. கடைக் கூரைக்கு மேலே ஒரு கம்பை நட்டு, அதன் உச்சியில் இணைய டொங்கிளைக் கட்டி, நீண்ட வயரால் கீழே இழுத்து வைத்திருந்தேன். காற்று அடித்தால் களம் போய்விடும்.

மன்னார் டவுனில் எங்கள் மென்பொருள் சீடியில் விலைப்படுகிறது என்று முதலில் கதை வந்தது. பிறகு எவரோ ஓர் ஆள் களத்துக்குள்ளேயே புகுந்து, களவுப் பிரதி இறக்கும் இணைப்பைப் போட்டு, "நல்லதைப் பகிருங்கோ" என்று கீழே உபதேசமும் எழுதி வைத்தார். கோபம் மூக்கு நுனியில் நிற்கிற ஆள் நான். அதை அழித்துவிட்டு அந்த ஆளுக்கு நான் எழுதியதை இங்கே எழுத முடியாது. அதோடு ஒரு யோசனையும் சொன்னேன். அச்சடிக்கிற ஒவ்வொரு தாளின் அடியிலும் கடையின் இலக்கம் சின்ன எழுத்தில் விழட்டும், எந்தத் திறப்பில் இருந்து களவு போகிறது என்று தாளே காட்டிக்கொடுக்கும் என்றேன். விடத்தல்தீவுக்காரர் அடுத்த வடிவத்திலேயே அதைச் செய்தார். களவு நிற்கவில்லை. அந்த வடிவத்தையும் கொப்பி அடித்தார்கள்.

பிறகு ஒரு நாள் அவர் எழுதினார்: "சந்தோசமாத்தான் இதைச் செய்தனான். ஆனா ஊரெல்லாம் களவுக் கொப்பியில உழைக்க, என்ர வீட்டில சட்டி காய இருக்க எனக்கு ஏலாது. கட்டாருக்குப் போகப் பாஸ்போட் எடுத்திட்டன். மாரி மழைக்கு முதல் போயிடுவன். போக முதல் ஒரு பூட்டுப் போடுவன். ஒரு திறப்பு ரெண்டு கொம்பியூட்டரில ஓடினா எழுத்தெல்லாம் குழம்பித்தான் வரும்."

அவர் போனால் படிவம் மாற்ற ஆளில்லை. ஆறு மாதத்தில் மென்பொருள் செத்துவிடும், எங்கள் கடைகளும் பழையபடி பெட்டி பெட்டியாக அடிக்க வேண்டியதுதான். களம் சந்தைபோல ஆனது. கனடாவில் இருந்த ஒருவர் சட்டப் பிரிவுகளை அடுக்கினார். கண்டறியாத சட்டம்! எங்கள் எழுத்தைக் களவெடுத்துவிட்டார்கள் என்று இங்கே எந்தப் பொலிஸ் வாங்கில் போய்க் குந்தி, எந்த மொழியில் முறைப்பாடு எழுதுவது? வவுனியாக்காரர் ஒருவர், கள்ளக் கடைகளின் படத்தைப் போட்டு நாறடிக்க வேண்டும் என்றார். இன்னொருவர் எல்லாவற்றையும் இலவசமாக விடச் சொன்னார். விடத்தல்தீவில் சட்டி காய்வதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. பூட்டைப் போடுங்கோ, இரக்கம் பாராமல் போடுங்கோ என்று எல்லாருக்கும் மேலாகக் கத்தியவள் நான்.

அந்தக் கிழமைதான் அந்த அம்மா கடைக்கு வந்தார். மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து, பிறகு எங்களைப்போலவே இடம்பெயர்ந்து, பெர்மிற் காணி ஒன்றில் மறுபடி குடியேறிய குடும்பம். கூலி வேலை. கையில் கசங்கிய விண்ணப்பம் ஒன்று இருந்தது.

"டவுன்ல ஒரு கடையில அடிச்சதும்மா. பழைய பாரம்னு திருப்பிட்டாங்க. மூணு நாளா வேலைக்கும் போகல. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான பாரம் குடுக்கலேன்னா காணி எங்க பேர்ல வராதுங்கிறாங்க."

எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் படிவம் மாறியிருந்தது. புதியதைக் களத்தில்தான் போட்டிருந்தோம். களவுக் கொப்பிக்காரனுக்குக் களம் எங்கே தெரியும்? அவன் பழையதிலேயே அடித்துக் கொடுத்திருக்கிறான்.

"தாங்கோ அம்மா, பாப்பம்" என்று பறிக்காத குறையாக வாங்கினேன். அவருடைய காணியை அந்த நிமிடம் நான் நினைக்கவில்லை. கள்ளன் அகப்பட்டுவிட்டான் என்ற சந்தோசப் புளுகம்தான். தாளின் அடியைப் பார்த்தேன்.

பதினேழு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பதினேழுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! இலக்கம் போடச் சொன்ன வாயும் என்னுடையது, விழுந்திருந்த இலக்கமும் என்னுடையது.

"என்னாச்சும்மா? இதுவும் சரியில்லையா?" என்று அந்த அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"உங்கட பிழை ஒண்டும் இல்லை. இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். புதிய படிவத்தை இரண்டு மொழியிலும் அடித்து, இரண்டு தரம் வாசித்துக் காட்டிக் கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், கந்தோர் மூட முதல் ஓடுங்கோ என்று விரட்டினேன். அவர் வீதியைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது மண்டையில் உறைத்தது. விடத்தல்தீவுக்காரர் பூட்டைப் போட்டிருந்தால் இவருடைய தாளில் எழுத்துக் குழம்பியிருக்கும். சிங்களப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத இவர் அதையே கொண்டுபோய் நீட்டியிருப்பார். கொப்பி அடித்தவனுக்கு ஒரு மயிரும் உதிர்ந்திராது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்லி நான் கூத்தாடியிருக்கிறேன்.

கடையைச் சாத்திவிட்டு நேரே சிநேகிதியிடம் போனேன்.

"எடியே, நான் தந்த லமினேற் அட்டை எங்க?"

"தகரத்துக்குள்ளதான் கிடக்கு. தம்பி ஒருக்கா வாங்கிக்கொண்டு போய் எழுதிப்போட்டுத் தந்தவன். ஏன்?"

அவளுடைய தம்பி டவுனில் சீடிக் கடை வைத்திருப்பவன். நான் கத்தினேன்: "உனக்கென்ன விசரே? ஆரைக் கேட்டுக் குடுத்தனி?"

அவள் அரிசி புடைத்ததை நிறுத்தவே இல்லை. "ஆரைக் கேக்கோணும்? உன்ர குடும்ப அட்டையைக் கொண்டுபோய் நிவாரணம் எடுத்தனான். அப்ப ஆரைக் கேட்டனான்? அப்ப இனிச்சதோ?"

அவள் பொய் சொல்லவில்லை. எங்களைக் காப்பாற்றிய பழக்கம்தான் இப்போது ஒரு மனிதரின் உழைப்பைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டால் மட்டும் பார்த்துக்கொண்டோம்.

அந்தச் சண்டைக்கு அடுத்த நாள் காலை பஸ் பிடித்துப் பாலம் கடந்து டவுனுக்குப் போனேன். தம்பியின் கடை முழுக்கப் படச் சீடி. என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சோடா உடைத்துத் தந்தான்.

"என்ன அக்கா, நீங்கள்தானே குடுத்துவிட்டனீங்கள். என்ர அக்காட்ட இருந்தா அது எங்கட சாமான்தானே? நான் ஒரு நாலைஞ்சு கடைக்குத்தான் போட்டுக் குடுத்தனான். இங்க பாருங்கோ, இந்தப் படமெல்லாம் கொப்பிதான். ஆர் கேட்டது?"

"படத்தில ஒரு பாட்டு வெட்டுப்பட்டா ஆருக்கும் காணி போகாது தம்பி" என்றேன். கசங்கிய விண்ணப்பத்தை மேசையில் போட்டேன். அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். "இது உன்ர கொப்பியில அடிச்சது. இந்த மனிசி மூண்டு நாள் கந்தோர் வாசல்ல நிண்டது. முகாமில உன்ர அம்மா நிண்டமாதிரி."

அவன் தாளைப் பார்த்தான். சோடாவை என் பக்கம் தள்ளினான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "இப்ப நான் என்ன செய்யிறது?"

உண்மையைச் சொன்னால், நான் ஏசுவதற்குத்தான் ஆயத்தமாகப் போயிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவனுடைய கேள்விக்குப் பதில் யோசித்தேன். கடையைத் திறந்ததும், களத்தில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தரம் எழுதி அழித்தேன். நாலாம் தரம் சுத்திவளைக்காமல் எழுதினேன்: "களவு போனது என்ர திறப்பில இருந்து. பதினேழு. பாதுகாப்புக்கெண்டு பக்கத்து வீட்டில ஒரு கொப்பி குடுத்து வச்சனான். அங்க இருந்து போயிருக்கு. என்னைப் பொறுப்பில இருந்து எடுக்கிறதெண்டா எடுங்கோ. ஆனா அதுக்கு முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

இரண்டு நாள் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. சிக்னல் இல்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு டொங்கிள் கம்பைத் திருப்பித் திருப்பி நட்டேன். மூன்றாம் நாள் கிளிநொச்சிக் கடைக்காரர் ஒருவர் எழுதினார், தன் திறப்பின் பிரதி மச்சாளிடம் இருக்கிறதாம். பிறகு இன்னொருவர், தன்னுடையது கோயில் ஐயரிடம் என்றார். படம் போட்டு நாறடிக்கச் சொன்ன வவுனியாக்காரருடைய திறப்பு இரண்டு வீட்டில் இருந்தது. ஐயோ கடவுளே, நாங்கள் எல்லாரும் ஒரே சாதிப் பைத்தியங்கள் என்று தனியே இருந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் சொன்னது இவ்வளவுதான். பூட்டு வேண்டாம், அது வழியில் போகிற சனத்தின் தலையில்தான் விழும். பிரதி வைக்காதே என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, நாங்கள் அப்படி ஆகிவிட்டோம். ஆகவே கடைக்கு இரண்டு திறப்பாகவே கொடுங்கோ. ஒன்று வேலைக்கு, மற்றது காப்புக்கு. இரண்டிலும் அந்தக் கடையின் இலக்கமே விழட்டும், தன் இலக்கம் தெருவில் திரிய விட எவரும் விரும்பமாட்டார்கள். தாளின் அடியில் இலக்கத்தோடு படிவம் மாறிய மாதத்தையும் போடுங்கோ, பழையதா புதியதா என்று சனமே பார்க்கட்டும். கொப்பி அடித்த கடைக்காரரை ஏசாமல் களத்துக்குள் கூப்பிடுவோம். உள்ளே வந்து காசு கட்டிச் சொந்த இலக்கம் எடுக்கிறவருக்குத்தான் புதிய படிவம். வெளியே நிற்கிறவருடன் சண்டை பிடிக்க எங்களுக்கு நேரமில்லை. களவு இணைப்பை எவராவது போட்டால் நான் அழிப்பேன், அவ்வளவுதான், உபதேசம் எழுதமாட்டேன். கடைசியில் சொன்னதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

விடத்தல்தீவுக்காரர் ஒரே ஒரு சொல் எழுதினார்: "பாப்பம்."

அடுத்த கிழமை தாளின் அடியில் மாதமும் விழத் தொடங்கியது. டவுன் தம்பி வந்து காசு கட்டிச் சொந்த இலக்கம் எடுத்தான். தான் போட்டுக் கொடுத்த கடைகளுக்குத் தானே போய்ச் சொல்லி, மூன்று பேரைக் கூட்டி வந்தான். மற்றவர்கள் வரவில்லை. எல்லாரும் திருந்தினார்கள் என்று எழுதினால் அது பொய். முசலிப் பக்கத்தில் ஒருவர் இன்றைக்கும் பழைய கொப்பியில் அடிப்பதாகக் கேள்வி. ஆனால் சனம் பழகிவிட்டது. கடைக்குள் வந்ததும் தாளைத் திருப்பி, "அடியில மாதம் இருக்கோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த மூலையை விரலால் தொட்டுக் கேட்டார்கள். பூட்டால் ஆகாத காரியத்தை அந்த விரல் செய்தது. அந்த அம்மாவுக்குக் காணி கிடைத்தது. பெர்மிற்றைக் கொண்டுவந்து, "மூணு கொப்பி போடும்மா" என்றார்.

ஆனால் விடத்தல்தீவுக்காரர் போவாரா நிற்பாரா என்று தெரியாமலே நாட்கள் போயின. கேட்கப் பயமாக இருந்தது. வாய்க்குப் பேர்போன எனக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் வரவில்லை. வானம் மூட்டம் போட்டது. வயல்காரர் விதைப்புக்கு உழவு தொடங்கினார்கள். பூட்டுப் போடுவதாகச் சொன்ன காலம் வந்து போனது, பூட்டு விழவில்லை.

முதல் மழைக்கு அடுத்த நாள் மத்தியானம், மெலிந்த ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். கையில் கருவாட்டுப் பார்சல்.

"அக்கா, பதினேழு நீங்கள்தானே?"

எழும்பி நின்றுவிட்டேன். இத்தனை நாளும் நரைத்த தலையோடு ஒரு மனிதரை நினைத்து வைத்திருந்தேன். பயணம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று உளறினேன்.

அவர் கருவாட்டை மேசையில் வைத்தார். பிறகு சேட்டுப் பைக்குள் இருந்து, பொலித்தீனில் சுற்றி இறப்பர் பாண்ட் போட்ட சின்னப் பொதி ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு பென் டிரைவ். கூடவே லமினேற் செய்த ஓர் அட்டை, நான்கு மூலையும் வளைத்து வெட்டியது.

"முழு மென்பொருளும் இதுக்குள்ள இருக்கு. எழுதின ஒவ்வொரு வரியும். இதைத் திறக்கிற சொல் அட்டையில இருக்கு. ஒண்டு அம்மாட்ட, ஒண்டு சேர்ச் பாதரிட்ட. மூண்டாவது உங்களிட்ட இருக்கட்டும்."

"என்னட்டயோ?" என்றேன். "என்ர கையில இருந்துதானே களவு போனது."

"ஓம். போனதைச் சொன்ன ஆளும் நீங்கள்தானே."

அதற்குமேல் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "எப்ப கட்டாருக்குப் போறீங்கள்?"

"போகேல்லை அக்கா" என்றார். "புது இலக்கக் காசில சட்டி காயாமல் ஓடுது. போறவனுக்கு என்னத்துக்கு மறுபிரதி? நிக்கிறவனுக்குத்தான் அது வேணும்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அடுத்த மாதம் மாறப்போகிற படிவம் ஒன்றைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் பொதியைக் கையில் வைத்தபடியே வீட்டுக்கு வந்தேன். சிநேகிதி வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்தாள். எங்கள் கோபம் எப்போதோ ஆறியிருந்தது.

"என்னடி அது, பத்திரமாப் பொத்திக்கொண்டு வாறாய்? என்ர தகரத்திலயும் ஒண்டு வைக்கவோ?"

"வேண்டாம்" என்றேன்.

முகாமுக்குள் போன நாளில் இருந்து அவளிடம் அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த பொதியைப் பார்த்தாள்.

"சரி, அப்ப கவனமா வை" என்று சொல்லிவிட்டுத் தன் அடுப்பைப் பார்க்கப் போனாள்.